கடற்படைக் கப்பல்ல சேர்ந்தா தினமும் என்ன வேலை? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க

திருமங்கலம் வாசி:
நம்ம பக்கம் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிற பயலுக நிறைய. கேட்டா எல்லாரும் ஓட்டத்தையும் கணக்கையும்தான் சொல்றாய்ங்க. 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிஷத்துல ஓடணும், பிளஸ் டூவுல கணக்கும் இயற்பியலும் வேணும், அவ்வளவுதான். ஒடிசா சில்காவுல பயிற்சி முடிச்சுக் கப்பல் ஏறின பிறகு கையால என்ன வேலை செய்யணும்னு யாருக்கும் தெரியல. துப்பாக்கி பிடிச்சு நிக்கிறதுதான் வேலைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காய்ங்க. மதுரையில கடல் இல்ல, போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கவும் வழியில்ல. விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் வேலை வேலையாப் பிரிச்சு எழுதுங்க.

கப்பலூரான்:
தம்பி, முதல்ல நேரக்கணக்கைச் சொல்றேன், மத்ததெல்லாம் அதுலதான் தொங்குது. கடல்ல இருக்கிற கப்பல்ல நாள் வாட்ச் கணக்குல, அதாவது முறை வச்சு நிக்கிற காவல் நேரக் கணக்குல ஓடும். ராத்திரி 8 முதல் 12, 12 முதல் 4, விடிகாலை 4 முதல் 8, காலை 8 முதல் 12, மதியம் 12 முதல் 4. சாயங்காலம் 4 முதல் 8 மட்டும் ரெண்டா உடையும்: 4 முதல் 6, 6 முதல் 8. இந்த ரெண்டையும் டாக் வாட்ச்னு சொல்லுவாங்க.

ஏன் உடைக்கிறாங்கன்னு கேட்டா கணக்கு லேசு. நாலு நாலு மணியா வெட்டினா ஒரு நாளைக்கு ஆறு வாட்ச். ஆட்களை மூணு குழுவாப் பிரிச்சா ஆறு மூணால சரியா வகுபட்டுடும், ஒரே குழு தினமும் நடுராத்திரியில மாட்டும். ஏழாக்கிட்டா வகுபடாது, தன்னால சுத்தும். அ, ஆ, இ-ன்னு மூணு குழு வச்சுக்கோங்க. இன்னைக்கு ராத்திரி 8-12 அ, 12-4 ஆ, 4-8 இ, காலை 8-12 அ, மதியம் ஆ, முதல் டாக் இ, அடுத்த டாக் அ. நாளைக்கு ராத்திரி 8-12 தானாவே ஆ கையில வந்துடும். ஒரு சுத்துல ஒரு குழுவுக்கு 10 மணி நேரம், ஒரு குழுவுக்கு 8, இன்னொண்ணுக்கு 6. மூணு நாள்ல சமனாயிடும்.

வாட்ச் இல்லாத நேரமெல்லாம் ஓய்வுன்னு நெனைக்கக் கூடாது. பகல்ல துப்புரவு, பராமரிப்பு, தீயணைப்புப் பயிற்சின்னு வேலை தனியா இருக்கும். அதனால தூக்கம் துண்டு துண்டாத்தான் கிடைக்கும். 12-4 நிக்கிறவர் ராத்திரி 8 மணிக்கே படுத்துடணும். அரட்டை அடிச்சுட்டு 11 மணிக்குப் படுத்தவர் 3 மணிக்குக் கண் சொருகி நிப்பார், அந்த நேரத்துலதான் தவறு நடக்கும்.

வாட்ச் மாத்துறதுக்கும் முறை இருக்கு. 10, 15 நிமிஷம் முன்னாடியே போய் நிக்கணும். வெளிச்சத்துல இருந்து வந்த கண்ணு இருட்டுக்கு நல்லாப் பழக 20, 30 நிமிஷம் பிடிக்கும், அதனால ராத்திரி பாலத்துல, அதாவது கப்பலை ஓட்டுற மேல் அறையில, சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். எந்தத் திசையில போறோம், என்ன வேகம், சுத்தி என்னென்ன படகு தெரியுது, என்ன உத்தரவு நிலுவையில இருக்கு, இதையெல்லாம் சொல்லி ஒப்படைக்கணும். வந்தவர் ஏத்துக்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் நிக்கிறவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

மேலூர் கம்மாய்:
அண்ணே, புதுசா வந்தவனைப் பாலத்துல என்ன செய்யச் சொல்லுவாங்க? சுக்கானைத் தொட விடுவாங்களா?

கப்பலூரான்:
விடுவாங்க, பக்கத்துல அனுபவப்பட்டவர் நிப்பார். சுக்கான் பிடிக்கிறவர் வெளியே கடலைப் பார்த்து ஓட்டுறதில்ல. முன்னால இருக்கிற கைரோ திசைகாட்டியையும் சுக்கான் கோணம் காட்டுற முள்ளையும் பார்த்துத்தான் ஓட்டணும். அதிகாரி "ஸ்டார்போர்டு டென்"னு சொன்னா, அதே சொல்லைச் சத்தமாத் திருப்பிச் சொல்லிட்டு, சுக்கானை வலது பக்கம் 10 டிகிரி வச்சு, வச்சாச்சுன்னு மறுபடி சொல்லணும். ரெண்டு தடவை எதுக்குன்னா, இடம் வலம் காதுல தப்பா விழுந்தா முதல் பதில்லயே பிடிச்சுடலாம். கையில தப்புன்னா ரெண்டாவது பதில்ல பிடிக்கலாம். நெருக்கமான வாய்க்கால்ல திருத்த நேரம் கிடைக்காது.

புது ஆளுக்கு அதிகம் கிடைக்கிறது லுக்அவுட். கண்ணால தேடுறதுதான் வேலை. கப்பலோட மூக்கை பூஜ்யமா வச்சு, இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சைன்னு கோணம் சொல்லணும். "கிரீன் ஃபோர் ஃபைவ்"னா மூக்குல இருந்து வலது பக்கம் 45 டிகிரி. ராத்திரி ஒரு விளக்கை நேரா முறைச்சுப் பார்த்தா மங்கலான விளக்கு மறைஞ்சுடும். கொஞ்சம் ஓரமாப் பார்த்தாத்தான் தெரியும், இருட்டுல வேலை செய்யிற செல்கள் விழித்திரையோட நடுவுல இல்ல, ஓரத்துலதான் இருக்கு.

எதிர்க் கப்பலோட சிவப்பு விளக்கு மட்டும் தெரிஞ்சா அதோட இடது விலாவைப் பார்க்குறோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா நேரா நம்மளைப் பார்த்து வருது. இன்னொண்ணு மனசுல பதியணும்: ஒரு விளக்கு திசை மாறாம, தூரம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தா மோதப் போற பாதையில இருக்கோம்னு அர்த்தம். நம்ம கரையோரத்துல விளக்கில்லாத நாட்டுப் படகும், மிதவை மட்டும் தெரியிற வலையும் இருக்கும். மரப் படகு ரேடார்ல சரியா விழாது. அதனால எவ்வளவு கருவி வந்தாலும் கண்ணுக்கு வேலை குறையல.

வடக்குமாசி:
வடம் பத்தி நான் எழுதுறேன். சித்திரைத் தேர் நிலைக்கு வர்றப்போ வடம் விறைச்சு நிக்கிறதையும், முட்டுக்கட்டை போடுறவங்க எவ்வளவு கவனமா நிக்கிறாங்கன்னும் மாசி வீதியில பார்த்திருப்பீங்க. கப்பலைத் துறையில கட்டுறதும் அதே மாதிரி ஒரு இழுபறி. ஆனா கப்பல் வடம் பெரும்பாலும் நைலான் மாதிரி செயற்கை நார், ரப்பர் மாதிரி நீளும். நீண்டு அறுந்தா அவ்வளவு நீட்டமும் ஒரே அடியாத் திரும்பி வரும், குறுக்க நிக்கிறவன் காலை முறிச்சுடும். அதனால விறைச்ச வடத்துக்கு நேர்கோட்டுல நிக்கக் கூடாது, அது வளைஞ்சு போற கோணத்துக்கு உள்பக்கமும் நிக்கக் கூடாது. தளத்துல வளையமாக் கிடக்கிற கயித்துக்குள்ள காலை வச்சிடவே கூடாது.

வேலை நடக்கிற வரிசை இது. முதல்ல, நுனியில கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய எறிகயிறு கரைக்குப் போகும். கரையில இருக்கிறவர் அதைப் பிடிச்சு இழுத்தா பின்னாலயே பெரிய வடத்தோட கண்ணி வரும், அதைக் குத்துத்தூண்ல மாட்டுவார். அணியத்துல (கப்பலோட முன்பக்கம்) இருந்து முன்னோக்கி ஒண்ணு, அமரத்துல (பின்பக்கம்) இருந்து பின்னோக்கி ஒண்ணு, கப்பல் முன்ன பின்ன ஓடாம இருக்க எதிர் எதிர்த் திசையில ஸ்பிரிங்னு சொல்ற வடம் ரெண்டு, விலகாம இருக்க குறுக்கு வடம். கப்பல் பக்கத்துல இரட்டைத் தூண்ல எட்டுப் போட்டுச் சுத்தணும். எந்திர உருளையில சுத்தி இழுக்கிறவர் கையை உருளையில இருந்து ஒரு மீட்டராவது தள்ளி வச்சிருக்கணும், வழுக்குனா விரல்தான் முதல்ல போகும்.

கட்டின பிறகும் வேலை இருக்கு. மும்பையில ஓதம் 4 மீட்டருக்கு மேல ஏறி இறங்குற நாள் உண்டு, சென்னையில ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். ஓதம் பெருசா இருக்கிற துறையில காவல் நிக்கிறவர் வடத்தைப் பார்த்துத் தளர்த்தி இறுக்கணும். பார்க்காம விட்டா நீர் ஏறுறப்போ வடம் அறும், இறங்குறப்போ கப்பலே வடத்துல தொங்கும்.

அணியம், அமரம்னு நான் எழுதுனது நம்ம கடலோர மீனவர்களோட சொல்லு. கப்பல்ல பேச்சு இந்தியும் ஆங்கிலமும்தான், அந்தப் பெயர்களை ரெண்டு மொழியிலயும் பழகிக்கிறது நல்லது.

மேலூர் கம்மாய்:
நங்கூரம் போட்டா கப்பல் நிக்கிறது அதோட கனத்தாலதானே?

வடக்குமாசி:
கனத்தால மட்டும் இல்ல தம்பி. கடல் தரையில படுத்துக் கிடக்கிற சங்கிலிதான் முக்கியம். சங்கிலி தரையோட கிடையா இழுத்தாத்தான் நங்கூரத்தோட கொழு மண்ணுல ஏறும், ஏர் மாதிரி. மேல தூக்கி இழுத்தா பிடுங்கிக்கும். அதனால 20 மீட்டர் ஆழத்துல ஐந்து மடங்காவது, 100 மீட்டருக்கு மேல விடணும். சங்கிலியை ஷேக்கிள் கணக்குல அளப்பாங்க, ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், நாலு ஷேக்கிள் விட்டா 110. ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்துக் கண்ணியில வெள்ளை அடிச்சிருக்கும், அதை எண்ணிச் சத்தமாச் சொல்றதும் நம்ம வேலைதான். நின்ன பிறகு கரையில ரெண்டு மூணு குறியோட திசையை அடிக்கடி எடுக்கணும். திசை வரம்பு மீறி மாறினா நங்கூரம் பிடி விட்டு இழுபடுதுன்னு அர்த்தம். சங்கிலி மேல கை வச்சா தட தடன்னு அதிர்றதும் தெரியும்.

திருமங்கலம் வாசி:
பெயிண்ட் அடிக்கிறது, தேய்க்கிறது எல்லாம் ஆளைச் சும்மா விடக்கூடாதுன்னு கொடுக்கிற வேலைன்னு ஒருத்தர் சொன்னாரே?

தெற்குவாசல்:
அது தப்பு, அழுத்தியே சொல்றேன். ராமேஸ்வரத்துல வீட்டுக் கிரில் ரெண்டு வருஷத்துல என்ன ஆகுதுன்னு பாருங்க, அதே கிரில் மதுரையில எத்தனை வருஷம் தாங்குதுன்னும் பாருங்க. கப்பல் அந்த உப்புக்குள்ளயே கிடக்குது. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி இரும்பை நனைச்சுக்கிட்டே இருக்கும், வெயில் அடிச்சாலும் நிக்காது.

செய்யிற முறை: துரு பிடிச்ச இடத்தைச் சிப்பிங் சுத்தியால கொத்தி, சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு இரும்போட நிறம் தெரியிற வரைக்கும் கொண்டு வரணும். சுத்தி இருக்கிற நல்ல பெயிண்டோட விளிம்பைத் தேய்ச்சுச் சரிவாக்கணும், படி மாதிரி விட்டா அங்கேயே மறுபடி உரியும். அப்புறம் நல்ல தண்ணியில கழுவித் துடைக்கணும். இதைத்தான் அவசரத்துல விட்டுடுவாங்க. உப்பு உள்ள மாட்டினா, பெயிண்ட் வழியா ஈரத்தை இழுத்துக் கொஞ்ச நாள்ல கொப்புளமா எழும்பும். காய்ஞ்ச உடனே பிரைமர் அடிச்சிடணும், அடுத்த நாளைக்குன்னு வச்சா பனியில மஞ்சளாப் பூத்துடும். காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அடிக்கக் கூடாது. பிரைமர், இடைப்பூச்சு, கடைசியில சாம்பல். ஒவ்வொண்ணும் காயணும்.

எதுல அடிக்கக் கூடாதுங்கிறதையும் தெரிஞ்சுக்கணும்: நீர்புகாக் கதவோட ரப்பர், கிரீஸ் நிப்பிள், மரைகள், பெயர்த் தகடு, மின்சார எர்த் பட்டை, துருவைத் தன் மேல வாங்கிக்கிற துத்தநாகக் கட்டி. ரப்பர்ல பெயிண்ட் பட்டா விறைச்சுப் போகும், கதவு மூடியும் தண்ணி கசியும். அதைச் சோதிக்கிறது லேசு. கதவுச் சட்டத்து விளிம்புல சாக்பீஸ் தடவிட்டுக் கதவை இறுக்கி மூடித் திறக்கணும். ரப்பர்ல வெள்ளைக் கோடு அறுபடாம விழுந்திருந்தா சரி, விட்டு விட்டு விழுந்தா அந்த இடம் தண்ணிக்கு வழி. அலுமினியம் இருக்கிற மேல்கட்டுமானத்துல, இரும்புல தேய்ச்ச கம்பி பிரஷ்ஷைப் போடக் கூடாது. இரும்புத் துகள் ஒட்டி, உப்புத் தண்ணியில மின்கலம் மாதிரி அரிக்கும்.

உசிலை பம்புசெட்:
இன்ஜின் பக்கம் போறவங்களுக்கு நம்ம ஊர் அனுபவமே பாதிப் பாடம். கிணத்து மோட்டார் ஓடுது, தண்ணி வரலைன்னா என்ன பார்க்குறோம்? ஃபுட் வால்வு சல்லடையில குப்பை, குழாயில காத்து. கப்பல்லயும் அதேதான். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணியை இழுக்கிற வாயில சல்லடை இருக்கும். துறைமுகத்துல பிளாஸ்டிக் பை, வெளியே ஜெல்லி மீன் கூட்டம் வந்து அடைச்சுடும். அறிகுறி: பம்பு அழுத்தம் குறையும், கொஞ்ச நேரத்துல குளிர்விப்பு வெப்பநிலை ஏறும். சல்லடை ரெண்டு இணையா இருக்கும், ஒண்ணுக்கு மாத்திட்டு மத்ததைத் திறக்கணும். திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க வால்வையும் மூடி, அழுத்தம் இறங்கிடுச்சான்னு பார்க்கணும். அவசரத்துல மூடாம திறந்தா அறைக்குள்ள கடல் வரும்.

வாட்ச்சுல இருக்கிறவர் மணிக்கொரு தரம் சுத்தி வந்து எழுதணும்: எண்ணெய் அழுத்தம், வெப்பநிலை, தொட்டி மட்டம், அடித்தளத்துல தேங்கின தண்ணி. போன மணி நேரத்து எண்ணையே பார்த்துக் காப்பி அடிக்கிறது பெரிய குற்றம். ஒரு எண் மட்டும் முக்கியமில்ல, அது எந்தப் பக்கம் நகர்ந்துக்கிட்டு வருதுங்கிறதுதான் செய்தி. காது மூடி கட்டாயம். அங்க பேச்சு கேட்காது, சைகைதான்.

2022 செப்டம்பர் 2-ல படையில சேர்ந்த விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பல்ல நாலு எல்எம் 2500 கேஸ் டர்பைன். இந்த வகைக்குக் காத்துல வர்ற உப்புதான் எதிரி. கம்ப்ரசர் இறக்கையில படிஞ்சா காத்து குறையும், வெப்பம் ஏறும். அதனால அட்டவணைப்படி நல்ல தண்ணி விட்டுக் கழுவுவாங்க.

மேலூர் கம்மாய்:
குடிக்க, குளிக்கத் தண்ணி எங்க இருந்து வருது? நம்ம ஊர் மாதிரி லாரி வராதே.

உசிலை பம்புசெட்:
கடல் தண்ணிதான், ஆர்.ஓ. வழியா. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரி சின்ன பம்பு போதாது, 55 முதல் 70 பார் அழுத்தம் வேணும். துறைமுகத்துக்குள்ள அதை ஓட்ட மாட்டாங்க. அங்க தண்ணியில எண்ணெயும் சேறும் கழிவும் இருக்கும், சவ்வு கெட்டுடும். பம்பு நின்னா மொத்தக் கப்பலும் அளந்துதான் குடிக்கணும். குளிக்கிறதுக்கு ஒரே முறை: நனை, மூடு, சோப்புப் போடு, திறந்து கழுவு.

பரவை சமையல்:
சமையல் பிரிவுல சேர்றவங்களுக்கு. 250 பேருக்குச் சோறுன்னா ஆளுக்கு 120 கிராம் அரிசி போட்டாலும் ஒரு வேளைக்கு 30 கிலோ. நம்ம கல்யாண வீட்டுக் கணக்குதான். ஆனா அடுப்பு மின்சாரம் இல்லன்னா நீராவி, திறந்த தீ கிடையாது. அடுப்பு மேல கம்பித் தடுப்பு மாட்டித்தான் பாத்திரம் வைக்கணும். கடல் குமுறுற நாள்ல பாத்திரத்தை நிறைக்கக் கூடாது, பொரியலுக்கு எண்ணெய்ச் சட்டியே ஏத்தக் கூடாது. கொதிக்கிற எண்ணெய் ஒரு பக்கம் சாய்ஞ்சா தீக்காயம், கூடவே தீ.

காய்கறி தீர்க்கிறதுல வரிசை இருக்கு. முதல் ரெண்டு நாள் கீரை, அப்புறம் தக்காளி, வெண்டை, கத்திரி, அடுத்து முட்டைக்கோஸ், கடைசிக்குப் பூசணி, சேனை, வெங்காயம், உருளை. வெங்காயத்தையும் உருளையையும் ஒண்ணா வைக்காதீங்க, ரெண்டும் சீக்கிரம் கெடும். எல்லா வாட்ச்சுக்கும் சூடா ஏதாவது வேணும், ராத்திரி 12 மணிக்கு எந்திரிச்சு நிக்கிறவருக்கு டீயாவது இருக்கணும். சாப்பாட்டைச் சின்ன விஷயமா நெனைக்காதீங்க. 1946 பிப்ரவரி 18-ல பம்பாயில தல்வார்ங்கிற கடற்படைத் தளத்துல மாலுமிகள் வேலையை நிறுத்தினதுக்கு மோசமான சாப்பாடும் ஒரு காரணம். அது மத்த கப்பலுக்கும் தளத்துக்கும் பரவிச்சு.

தெற்குவாசல்:
தீ பத்தி யாரும் எழுதல. எந்தப் பிரிவா இருந்தாலும் இது எல்லாருக்கும் வேலை. கப்பல்ல தீயணைப்பு நிலையம் வெளியே இருந்து வராது, ஓடுறதுக்கும் இடம் இல்ல.

தீயைப் பார்த்தவர் முதல்ல கத்தணும், எந்த அறைன்னு சொல்லி எச்சரிக்கை கொடுக்கணும், உடனே பக்கத்துல இருக்கிற கருவியை எடுத்து அடிக்கணும். முதல் ரெண்டு நிமிஷத்துல அடங்காத தீ பெரிய தீ ஆயிடும். அடுத்து அந்த அறைக்குப் போற மின்சாரத்தை நிறுத்து, காத்தோட்டத்தை மூடு. பிறகு எல்லைக் குளிர்விப்பு, இதைத்தான் புதுசா வர்றவங்க புரிஞ்சுக்கிறதில்ல. அறை ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு ஆறு முகம். ஒரு பக்கம் எரிஞ்சா சூடு தகடு வழியாப் போய் மறுபக்கத்துப் பெயிண்டை, அலமாரித் துணியைப் பத்த வைக்கும். மேல், கீழ், நாலு சுவர் எல்லாத்துலயும் ஆள் நின்னு தண்ணி அடிச்சுச் சூட்டை எடுக்கணும், சுவரோட ஒட்டி இருக்கிற சாமானை நகர்த்தணும். எண்ணெய்த் தீக்கு நுரை, மின்சாரத் தீக்குக் கரியமில வாயு. சுவாசக் கருவி போட்டு ரெண்டு பேராத்தான் உள்ள போகணும், வெளியே ஒருத்தர் நேரம் எழுதிக்கிட்டே இருக்கணும். கடினமா உழைக்கிறப்போ உருளைக் காத்து அட்டையில எழுதின நேரத்துக்கு முன்னாடியே தீரும்.

இன்னொரு ஆபத்து அணைக்கிற தண்ணி. ஒரு குழாய் நிமிஷத்துக்கு 400 லிட்டர்னு வச்சாலும் அரை மணியில 12 டன், ஒரு பெரிய தண்ணி லாரி. அது குடத்துல நிக்கிற தண்ணி மாதிரி இருக்காது, தாம்பாளத்துல நிக்கிற தண்ணி மாதிரி. தாம்பாளம் நிறையத் தண்ணி ஏந்தி நடந்து பாருங்க, லேசாச் சாய்ஞ்சா மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். மேல்தளத்துல இப்படித் தேங்கினா கப்பல் கவிழும். அதனால அடிக்கிறப்போவே இறைக்கவும் ஆள் வேணும். தீ அணைஞ்ச பிறகும் ஒரு ஆள் அங்கயே இருக்கணும், மறுபடி பிடிக்கும்.

நீர்புகாக் கதவு எப்போ மூடியிருக்கணும்னு கதவு மேலயே குறி இருக்கும். போறப்போ திறந்தா, போன பிறகு எல்லாக் கிளிப்பையும் போடணும். ஒரு கிளிப் போதும்னு விட்டுட்டுப் போறவராலதான் ஒரு அறையில நிக்க வேண்டிய தண்ணி ரெண்டாவது அறைக்குப் போகும்.

திருமங்கலம் வாசி:
கடல் நோய், போன், சம்பளம் பத்தியும் யாராவது சொல்லுங்க.

கப்பலூரான்:
சுருக்கமா. கடல் நோய் பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கும். கண்ணு அறைச் சுவர் அசையலைன்னு சொல்லுது, காது அசையுதுன்னு சொல்லுது, அந்தச் சண்டைதான் குமட்டல். வெளியே நின்னா தொடுவானத்தைப் பாருங்க, உள்ள இருந்தா கப்பல் நடுவுல, கீழ்த்தளத்துல இருங்க, வயித்தைக் காலியா விடாதீங்க, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. மாத்திரை தூக்கம் கொடுக்கும், மருத்துவ உதவியாளர்கிட்ட சொல்லாமப் போட்டுட்டு வாட்ச் நிக்கக் கூடாது. 2019 இறுதியிலயே கப்பல்லயும் தளத்துலயும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்துடுச்சு, வீட்டுல இதை முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா போன் வரலைன்னு பயந்துடுவாங்க. அக்னிவீருக்கு முதல் வருஷம் மாசம் 30,000, நாலாவது வருஷம் 40,000, அதுல 30 சதவீதம் சேவா நிதிங்கிற சேமிப்புக்குப் பிடிச்சுடுவாங்க. நாலு வருஷத்துக்கு அப்புறம் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வச்சுப்பாங்க. பொண்ணுங்களும் போகலாம், 2023 மார்ச் 28-ல சில்காவுல தேறின முதல் அணியிலயே 273 பெண்கள்.

மேலூர் கம்மாய்:
நம்ம பயலுக கிணத்துல, கம்மாயில நல்லா நீந்துவாங்க. அது போதுமா?

வடக்குமாசி:
பயம் போறதுக்குப் போதும். ஆனா கிணத்துல நாலு கை போட்டா படிக்கட்டு வந்துடும், கடல்ல அப்படி எதுவும் வராது. அங்க வேகமா நீந்துறதை விட ரொம்ப நேரம் மிதக்கிறது முக்கியம். உயரத்துல இருந்து தலைகீழாப் பாயிற பழக்கத்தை விடணும். மிதவைச் சட்டையோட குதிக்கிறப்போ கால் முதல்ல, கால் ரெண்டும் சேர்த்து, ஒரு கையால மூக்கையும் வாயையும் பொத்தி, இன்னொரு கையால சட்டையைக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா தண்ணியில விழுற வேகத்துல சட்டை மேல எகிறி தாடையில அடிக்கும். தண்ணிக்குள்ள முழங்காலை நெஞ்சோட மடக்கி வச்சா உடம்புச் சூடு குறைவாப் போகும்.

இப்பவே வீட்டுல இருந்து பழகணும்னா போலைன் முடிச்சைப் பழகுங்க. வாளிக் கயிறு ஒண்ணு போதும். கயித்துல ஒரு சின்ன வளையம் போடுங்க, நுனிப் பக்கம் மேல இருக்கணும். நுனியை வளையத்துக்குள்ள கீழே இருந்து மேல விட்டு, நீளக் கயித்துக்குப் பின்னால சுத்தி, மறுபடி அதே வளையத்துக்குள்ள மேல இருந்து கீழ விட்டு இறுக்குங்க. எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சுருங்காது, வேலை முடிஞ்சதும் கையால அவிழ்க்கலாம். கண்ணை மூடிக்கிட்டுப் போட வரணும், கை நனைஞ்சிருக்கிறப்பவும் வரணும்.

தெற்குவாசல்:
ஒரு திருத்தம் சேர்த்துக்கோங்க. நுனியைக் குட்டையா விடக் கூடாது, கயித்துப் பருமனைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு இருக்கணும். 12 மில்லிமீட்டர் கயித்துக்கு 15 சென்டிமீட்டர் வரைக்கும். இழுவை இல்லாம ஆடிக்கிட்டே இருந்தா போலைன் மெல்ல நழுவும். ராத்திரி முழுக்க ஆடுற இடத்துல கட்டினா, மிச்ச நுனியை நூல்கயித்தால கண்ணியோட சேர்த்துக் கட்டிடுங்க.